கம்பிவேலியில் ஒரு டத்தோ

என் முகம் அவ்வளவு பெரியது என்று அன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கம்பிவேலியில், குப்பைத்தொட்டிகளுக்கும் பள்ளி வேன் வந்து நிற்கும் இடத்துக்கும் நடுவே, அது ஒரு பேனராகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்துவிட்டார்கள். என் தோளில் அவர் போட்டிருந்த கையை மட்டும் விட்டுவிட்டார்கள். யாருடையது என்று தெரியாத விரல்கள் என் சட்டையைப் பிடித்திருந்தன. சுற்றிலும் தங்க நிறத்தில் பூமாலை. மேலே ‘நெஞ்சார்ந்த வாழ்த்துகள்’. கீழே என் பெயர். பெயருக்கு முன்னால் ‘டத்தோ’.

நான் டத்தோ இல்லை.

எனக்கு வந்திருப்பது ஒரு பதக்கம். கூட்டரசுப் பிரதேசத்தில் பொதுச்சேவை செய்தவர்களுக்குக் கொடுக்கிற விருதுகளில் பல படிகள் உண்டு. மேல்படியில் நிற்பவர்களுக்குத்தான் டத்தோ என்ற பட்டம். என்னுடையது கீழ்ப்படி. சட்டையில் குத்திக்கொள்ளலாம், பெயருக்குப் பின்னால் சில எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம். பெயருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. தொலைபேசியில் பேசிய அதிகாரி அம்மா இதை மலாயில் எனக்கு மெதுவாக விளக்கினார். பதக்கத்தைக் கையில் கொடுக்கும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சரி, சரி என்றேன். போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். மனைவியிடம் மட்டும்தான். அவள் கிள்ளானில் இருக்கும் தன் அக்காவிடம் மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அது எந்த வழியாகப் போய் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரின் காதில் விழுந்தது என்பது எனக்குத் தெரியாது.

பேனருக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று வேகமாக நடந்தேன். இல்லாத பட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம் என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். போலி டத்தோ பிடிபட்டார் என்று படத்தோடு போடுவார்கள். அந்தப் படங்களில் அவர்கள் எல்லாரும் கோட்டு போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். என் படத்தில் நான் சிரிக்கக்கூட இல்லை. அதனாலேயே இன்னும் பெரிய திருடன்போல் இருந்தேன்.

நான் செய்யும் சேவை என்ன என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் இல்லை. எங்கள் பகுதியில் கண் தெரியாதவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். காலையில் ரயிலில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைப்பான கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்த நாளிலிருந்து அதே வேலைதான். கடை திறப்பதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் நேரம் உண்டு. அந்த நேரத்தில் நிலையத்து வாசலில் நின்று, வருகிறவர்களைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவேன். பல வருடங்களாக இதுதான்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அது அவர்களுக்குப் பிடிக்காது. நாம் முழங்கையைக் கொடுக்க வேண்டும், அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நாம் அரை அடி முன்னால் நடந்தால் போதும். நான் பேச வேண்டியது ஒன்றே ஒன்று. லோரி, காடி என்று எல்லா வண்டியும் நின்ற பிறகு, “இப்போ வாங்க” என்பேன். அவர்கள் காலை எடுத்து வைப்பார்கள். கூச்சம் பிடித்த ஆளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அன்று என் முழங்கையை முதலில் பிடித்தவர் டெலிபோன் ஆப்பரேட்டர் அக்கா. ஓர் அலுவலகத்தில் வேலை. பவுடர் வாசனை அடிக்கும், வாய் ஓயாது. அவர் மட்டும் ரயிலில் வருகிறவரில்லை, எங்கள் குடியிருப்புப் பக்கம் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார்; சாலையைக் கடக்கத்தான் என்னிடம் வருவார். வருகிற வழியிலேயே அவருக்குச் செய்தி தெரிந்துவிட்டது.

“வாழ்த்துகள் டத்தோ! நாசி லெமாக் விக்கிற ஆன்டி பேனரப் படிச்சுச் சொன்னாங்க. அடப்பாவி, இத்தன நாளா ஒரு டத்தோ கையையா புடிச்சிக்கிட்டு ரோட்ட கடந்துட்டு இருந்தேன்?”

நான் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தேன்.

“சொல்லவே இல்லையே நீங்க! சரி சரி, பெரிய ஆளுங்க சொல்லமாட்டாங்க.”

மறுபடியும் தலையை ஆட்டினேன். சாலை வந்துவிட்டது. “இப்போ வாங்க” என்றேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவர் கம்பை விரித்துத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. பேச்சு வராத இடத்தில் எனக்குத் தலைதான் பேசும். சின்ன வயதிலிருந்தே பழக்கம். கண் தெரியாத ஒருவரிடம் தலையை ஆட்டி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவரைப் பொறுத்தவரை நான் எதையும் மறுக்கவில்லை. வாழ்த்தை வாங்கிக்கொண்டு பேசாமல் நடந்திருக்கிறேன்.

அங்கேயே நின்றுவிட்டேன். பத்திரிகையில் படம் வருவது, பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது, இதெல்லாம் அப்போது இரண்டாவதாகப் போய்விட்டது. நான் வாங்க என்றால் இவர்கள் வருகிறார்கள். வண்டி நிற்கிறதா இல்லையா என்று அவர்களால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. என் வார்த்தைதான் பச்சை விளக்கு. அந்த வாய் ஒரு பொய்ப் பட்டத்தை மறுக்கவில்லை என்று நாளைக்கு அவர்களுக்குத் தெரிந்தால் என் முழங்கையைப் பிடிப்பார்களா? பிடித்தாலும் எப்படிப் பிடிப்பார்கள்?

கடையில் தௌகேயின், அதாவது முதலாளியின், போனுக்கும் பேனர் படம் வந்துவிட்டிருந்தது. “டத்தோ, சிமெந்து வந்திருக்கு லா, கொஞ்சம் எறக்க முடியுமா?” என்று மலாயில் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். போன் அடிக்கும்போதெல்லாம் அதிகாரி அம்மாதான் என்று நினைத்தேன். ஒருமுறை பைப் வாங்கப் பேசியவரிடம் “மன்னிச்சுக்குங்க” என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மீன் வாசனை. மனைவி அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். வேலை முடிந்து வந்தால் கால்வலி என்று படுப்பவள், அன்று நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“பாசார்ல மீன்காரர் என்னை எப்படிக் கூப்டாரு தெரியுமா? ‘டத்தின், இன்னிக்கு கெம்போங் மீனு நல்லா இருக்கு, வாங்க டத்தின்’னு. அத்தன பேரும் திரும்பிப் பாக்குறாங்க. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு.”

டத்தோவின் மனைவிதான் டத்தின். வெட்கப்பட்ட முகமாக அது தெரியவில்லை. கிள்ளானில் இருக்கும் அவள் அக்கா பெரிய வீட்டில் வாழ்கிறவர். எந்த விசேஷத்துக்குப் போனாலும், “உன் வீட்டுக்காரரு இன்னும் அந்த ஸ்டோர்லதானா?” என்று எல்லார் முன்னாலும் கேட்பார். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். அன்று அந்த அக்கா போன் செய்து வெகுநேரம் பேசினாராம். இதைச் சொல்லிக்கொண்டே அவள் என் தட்டில் இரண்டாவது மீனையும் வைத்தாள். பேனரை இறக்கச் சொல்லப் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மீனைத்தான் வைக்க முடிந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கீழே தலைவரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்ற மனிதர். குடியிருப்பில் லிஃப்ட் கெட்டால், தண்ணீர் நின்றால், பன்றியெலி புகுந்தால் அவர்தான் ஓடுவார். நல்ல மனிதர் என்பதுதான் சிக்கல். சங்க அறையில் உட்கார்ந்து ஒரு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

“வாங்க டத்தோ, வாங்க!”

“தலைவரே, அந்த பேனர்...”

“நல்லா இருக்கா? செவப்பு கொஞ்சம் கம்மி. மை தீந்து போச்சின்னான் கடைக்காரன்.”

“இல்ல... அந்த டத்தோன்னு...”

“அதான! பெருசா போடுன்னேன், சின்னதா போட்டுட்டான். நல்லா ஏசிட்டேன்.”

“எனக்கு டத்தோ குடுக்கல தலைவரே. பதக்கம் மட்டும்தான்.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. விசிறியின் இறக்கையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் சிரித்தார். “கவர்மென்ட்டு குடுக்குறதுதானே? அப்புறம் என்ன? ரோட்டுல நிக்கிற போலீஸ நாம எப்படிக் கூப்புடுறோம்? சார்ஜன்ங்கிறோம். அவரு சாதா கான்ஸ்டபிளாத்தான் இருப்பாரு. கோவிச்சிக்கிறாரா? சாப்பாட்டுக் கடையில எல்லாரையும் பாஸுங்கிறான். எவன் பாஸு? மரியாதைன்னா ஒரு படி கூட்டித்தான் வைக்கணும். கொறைச்சி வெச்சாதான் தப்பு.”

“சட்டத்துல...”

“உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி. அதனாலதான் உங்களப் பாத்துக் குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கெழமை கீழ ஹால்ல சின்னதா ஒரு பாராட்டு வெச்சிருக்கேன். நீங்க பேசவேணாம். பேசமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உக்காந்தா போதும், பொன்னாடை நாங்க போட்டுக்கிறோம்.”

பேனரை இறக்கச் சொல்லப் போனவன், பாராட்டு விழாவுக்கு ஒப்புக்கொண்டு படியேறினேன்.

மறுநாள் காலையில் நிலையத்து வாசலில் வழக்கமாக வருகிறவர்கள் நாலைந்து பேர் ஒன்றாக நின்றிருந்தார்கள். ஒரு ரயில் தாமதமாகி எல்லாரையும் சேர்த்து இறக்கிவிட்டிருந்தது. அவர்களில் ஒருவர் மசாஜ் செய்யும் நண்பர். என்னைவிடச் சிறியவர், என்னை அண்ணே என்பார். மனிதர்களின் முதுகிலும் தோளிலுமே நாள் முழுக்கக் கை வைத்திருப்பவர் என்பதால் அவரிடம் எதையும் மறைக்க முடியாது. என் முழங்கையைத் தொட்டதும் கேட்டார்.

“என்னண்ணே, கை கட்டையாட்டம் இருக்கு? டத்தோ ஆனதும் வெறைப்பாயிட்டீங்களா?”

“யார் சொன்னா?”

“அக்காதான் எல்லாருக்கும் சொல்லிட்டாங்களே. நீங்க மறுக்கவே இல்லையாமே.”

அக்காவும் அங்கேதான் நின்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். ஐந்து முகங்கள், எதுவும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் காதைத்தான் என் பக்கம் வைத்திருந்தார்கள். தலையை ஆட்டிப் பயனில்லை. கையை விரித்துப் பயனில்லை. சங்கடமாகச் சிரித்துத் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது குரல் ஒன்றுதான்.

“நான் டத்தோ இல்ல” என்றேன். போகிற பஸ் அதைத் தின்றுவிட்டது. இன்னும் சத்தமாகச் சொன்னேன். “நான் டத்தோ இல்லக்கா. பதக்கம் மட்டும்தான் குடுக்குறாங்க. பேனர்ல தப்பாப் போட்டுட்டாங்க.”

என் காது சுட்டது.

“அப்ப நேத்து ஏன் ஒண்ணும் சொல்லாம வந்தீங்க?” என்றார் அக்கா.

“சொன்னேன்க்கா. தலைய ஆட்டுனேன்.”

மசாஜ் நண்பர்தான் முதலில் சிரித்தார். “தலைய ஆட்டுனாராம்! எங்ககிட்ட! அண்ணே, அடுத்த தடவ கண்ணடிங்க, அதுவும் புரிஞ்சிடும்.” மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கம்பைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“தம்பி, லோரி வர்றப்பவும் இப்படித் தலைய ஆட்டிட்டு நிப்பீங்களா?”

மறுபடியும் தலையை ஆட்டப் போய் நிறுத்திக்கொண்டேன்.

“மனசுல இருக்குறத வாயால சொல்லிடுங்க. எங்களுக்கு அது ஒண்ணுதான்.” இதைச் சொல்லிவிட்டு என் முழங்கையைத் தேடினார். நான் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்தாரா, தளர்வாகப் பிடித்தாரா என்று அந்தச் சாலை முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தேன்.

எல்லாரையும் கொண்டுபோய் விட்ட பிறகு மசாஜ் நண்பர் போகாமல் நின்றார். “எனக்கு மொத ஆளு பத்து மணிக்குத்தான். வாங்க, அந்த பேனர அவுத்துடுவோம்.”

“பகல்லயா? யாராச்சும் பாத்தா?”

“போலீஸ் வந்து கேட்டா நான் எதையும் பாக்கலன்னு சொல்லிடுறேன். சத்தியமா.”

பேனரை ராஃபியாக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். தலைவர் கட்டிய கட்டு, அவர் குணம்போலவே இறுக்கம். நான் நகத்தை உடைத்துக்கொண்டிருந்தபோது நண்பர் அடுத்த மூலையை அவிழ்த்துவிட்டிருந்தார். பாதி பேனர் மடங்கி என் முகம் தலைகீழாகத் தொங்கியது. அந்த நேரம் பார்த்து, பிளாஸ்டிக் பையில் தேத்தண்ணீர் வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு தலைவர் வந்தார்.

“யாருடா அது பேனர...” என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். “என்ன டத்தோ இது?”

பள்ளி வேனுக்காகத் தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். நாசி லெமாக் ஆன்டி சோற்றுக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால், வேலைக்குப் போகும் பையோடு என் மனைவி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நேற்றைய பாட்டும் இரண்டாவது மீனும் ஞாபகத்துக்கு வந்தன.

தலைவர் அவளைப் பார்த்துக் கையை நீட்டினார். “நீங்களாச்சும் சொல்லுங்க டத்தின்.”

சாலை ஓரத்தில் பேசிய அதே குரல் எனக்கு வந்தது. பஸ் எதுவும் போகாததால் எனக்கே அது பெரிதாகக் கேட்டது. “நான் டத்தோ இல்ல தலைவரே. எனக்குப் பதக்கம் மட்டும்தான். அவங்களும் டத்தின் இல்ல. இது இங்க தொங்கக்கூடாது.”

வேன் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை.

மனைவி பேனர் பக்கத்தில் வந்தாள். தலைகீழாக இருந்த என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“அவரு சொல்றது சரிதான் தலைவரே. எனக்கு மொதல்லயே தெரியும். போன் வந்த அன்னிக்கே சொன்னாரு.” குரல் தாழ்ந்தது. “நானும் சொல்லியிருக்கணும். ரெண்டு நாள் இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். அந்த மீன்காரரு வேற நல்ல மீனாப் பொறுக்கிக் குடுத்தாரா...”

நாசி லெமாக் ஆன்டி வாய்விட்டுச் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிறகு அவள் பேனரின் ஒரு முனையை எடுத்துக்கொண்டாள். மறுமுனையை நான் எடுத்தேன். துவைத்த சேலையை மடிப்பதுபோல் இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்து மடித்தோம். தலைவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் வாடியிருந்தது.

“மரியாதைக்குத்தானே செஞ்சேன்” என்றார்.

“தெரியும் தலைவரே” என்றேன்.

“ஞாயித்துக்கெழமை?”

“வெச்சிடுங்க” என்றாள் மனைவி. “பொன்னாடை போடுங்க. படிய மட்டும் கூட்டாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவர் மைக்கைப் பிடித்து, “இன்னும் டத்தோ ஆகாத நம்ம அண்ணன்” என்றுதான் என்னை அழைத்தார். அதற்குமேல் அவரால் இறங்க முடியவில்லை. கிள்ளான் அக்கா வரவில்லை. மனைவி அவருக்குப் போன் செய்து என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பேனரைத் தலைவர் தூக்கிப் போட மனமில்லாமல் தன் மோட்டாருக்கு மழையுறையாகப் போட்டுக்கொண்டார். மழை பெய்யும் நாட்களில் என் முகம் இருக்கைமேல் நனைந்துகொண்டிருக்கிறது. டத்தோ என்ற எழுத்து சக்கரத்துப் பக்கம் போகும்படி அவர் மடித்துவிடுகிறார். தோளில் கிடக்கும் அந்தக் கை மட்டும் வெளியே தெரிகிறது.

அந்த வாரமே அதிகாரி அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவர் குரலைக் கேட்டதும் நான் ஆணிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பேனரைப் பார்த்துவிட்டார்கள், முடிந்தது என்று நினைத்தேன். அவர் கேட்டது, கூட வருகிறவரின் நாற்காலியில் எப்படிப் பெயர் எழுத வேண்டும் என்று. “புவான்” என்றேன். மலாயில் திருமதி. “புவான் மட்டும்தான். வேற ஒண்ணும் இல்லை.” அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். பேனரைப் பற்றியும் சொல்லிவிட்டேன், இறக்கிவிட்டோம் என்பதையும். பிறகு அவர், சரி, குறித்துக்கொள்கிறேன் என்றார். என்ன குறித்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

பதக்கம் கொடுக்கும் விழாவுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. அது முடிந்த பிறகுதான் எழுதி வைத்திருக்கும் இதை யாரிடமும் காட்டுவேன். வெளியே சொல்ல வேண்டாம் என்றல்லவா சொல்லியிருக்கிறார்கள். மேடைக்குத் தனியாக நடந்துபோக வேண்டும், குனிந்து வணங்க வேண்டும், முதுகைக் காட்டாமல் திரும்பி வர வேண்டும்.

இன்று காலையும் அக்கா வந்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்றோம். ஒரு லோரி வேகத்தைக் குறைப்பதுபோல் வந்தது, ஆனால் நிற்கவில்லை.

“இப்போ வேணாம்க்கா” என்றேன், சத்தமாக.

அவர் அசையாமல் நின்றார். லோரி போய், காடிகள் நின்றன.

“இப்போ வாங்க.”

காலை எடுத்து வைத்தார்.